வயர் உள்ளதா, வயர் இல்லாததா

ஜூன் 1, 1988. புதன்

மழை இன்னும் இல்லை. புழுக்கம். பசை சொலூஷன் காயாமல், கூலிக்கு ஒட்டுகிற பர்ஸ் லைனிங் ஒட்ட ஒட்டப் பிரிகிறது. பிரிந்ததை எல்லாம் மறுபடி ஒட்டினேன்.

ஷார்ஜாவிலிருந்து அவர் பேசிப் பதிந்த கேசட் வந்தது. இந்த வீட்டில் கடிதம் கிடையாது. மாமிக்கு, அவருடைய உம்மாவுக்கு, படிப்பு இல்லை. அவரும் கொழுந்தன் சாகுலும் இங்கே பம்பாயில் இந்தி ஸ்கூல். தமிழ் எழுத்தைக் கண்டால் ஜிலேபி என்பார்கள். படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. அதனால்தான் இதைத் தைரியமாக எழுதுகிறேன்.

வழக்கம்போல் எல்லோரும் டூ-இன்-ஒன் டேப் ரேடியோவைச் சுற்றி. ஏ பக்கம் ஊருக்கு. முழுக்க சலாம். மாமிக்கு, சாகுலுக்கு, பள்ளிவாசல் தெருவுக்கு, பக்கத்து வீட்டு மும்தாஜ் லாத்தாவுக்கு. அவள் வீட்டு ஆட்டுக்கு மட்டும் பாக்கி. லாத்தா தன் பெயர் வரும்வரை நிலைப்படியைப் பிடித்து நின்றாள். வந்ததும் போய்விட்டாள், கூலி வாங்கியவள் மாதிரி.

கடைசியில்: "ஆயிசா, நீ ஹெட்போன் கேட்டியல்லா. சாகுலும் டிஸ்கோவுக்குக் கேக்கான். ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்ணுதான் அனுப்ப முடியும். இங்க ரெண்டு தினுசு இருக்கு. வயர் உள்ளது, வயர் இல்லாதது. எது வேணும்னு சனிக்கெழம போன்ல சொல்லுங்க."

உடனே மாநாடு.

மாமி: "வயரு கழுத்துல சுத்திக்கிட்டா என்னளா செய்வ? கரண்டு வேற."

திரும்பி வந்த மும்தாஜ் லாத்தா: "காத அடச்சிக்கிட்டுக் கேட்டா மூளைல சீழ் புடிக்குமாம்லா." யார் சொன்னதாம்? அவள் தங்கச்சி புருஷன். அவன் கோவண்டியில் கோழி அறுக்கிறவன்.

சாகுல்: "மைனி, வயர்லாம் ஏக்தம் பேக்கார். வயர்லெஸ்தான் லேட்டஸ்ட். கோவாவுல டி.ஜே. எல்லாம் அதான் போடுதான்." கல்யாண் ஸ்டேஷன் தாண்டிப் போனதில்லை இவன். கோவாவைப் பற்றிப் பேச்சு.

ஜூன் 2. வியாழன்

மண்ணெண்ணெய் வாங்கணும். ஊசி. மாமிக்கு வெத்திலை.

சாகுல் டி.ஜே. ஆன கதை: போன வருஷம் பாந்த்ராவில் ஏதோ ஓட்டல் வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். அன்றிலிருந்து டி.ஜே. ரெண்டு கேசட் டெக், ஒரு மிக்சர், மூணு பாஸ் பெட்டி. எல்லாம் இந்த ஒரே அறையில். நான் ரெண்டு பெட்டிக்கு நடுவில் படுக்கிறேன், சந்தில் செருகின பாய் மாதிரி. ஒரு பெட்டி மேல் என் துணி, இன்னொன்றின் மேல் அரிசி டப்பா. கல்யாணம் இருந்தால் டப்பாவை இறக்கு, இல்லாவிட்டால் ஏற்று. அவனிடம் இருக்கிற ஹெட்போனில் இடது காது செத்துப் பல மாதம். மிச்ச ஒரு காதை மட்டும் அமுக்கிக்கொண்டு கண்ணை மூடித் தலையாட்டுவான். வாந்தி வரும் எனக்கு.

நான் ஹெட்போன் எதற்குக் கேட்டேன் என்று ஒருவருக்கும் தெரியாது. மத்தியானம் மாமி தூங்கும்போது நபி புகழ் பாடும் பைத்து கேட்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். விஷயம் பி பக்கம். பி பக்கத்தில் அவர் பைத்துப் பாட்டு பதிந்து அனுப்புவார். பைத்து என்றால் இந்த வீட்டில் எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிடும், ஒரு ஆள் உட்கார்ந்து கேட்காது. மூன்றாவது பாட்டு முடிந்ததும் அவர் எனக்கு மட்டும் பேசுவார். பிறகு நாலாவது பாட்டு. அல்லாஹ் மன்னிப்பான், எங்களுக்கு வேறு இடம் இல்லை.

இன்று மாமி குழாயடிக்குப் போனபோது சத்தத்தைக் குறைத்து ஸ்பீக்கரில் காதை வைத்தேன். "கோவண்டி", "ரூம்" ரெண்டும் கேட்டது. அதற்குள் குடம் வந்துவிட்டது. ஆஃப்.

ரூம்! தனி ரூம்! வேறென்ன கேட்டேன் நான் இந்த மனுஷனிடம்? கல்யாணமாகி நாலு வருஷம். ரெண்டு தடவை லீவில் வந்தார். அந்தப் பக்கம் மாமி, மேலே பலகையில் சாகுல், நடுவில் நாங்கள். இருமினால் மூணு பேரும் முழிப்போம். "இன்னும் ஒண்ணும் இல்லியா?" என்று என் வயிற்றைப் பார்த்துக் கேட்கிறார்கள் தெருவில். எங்கே வைத்து? பாஸ் பெட்டிக்குள்ளா?

யோசித்தது:

வயர் உள்ளது – பேட்டரி செல் வேண்டாம். சாகுல் வேலைக்கும் அதுதான் சரி. ஹாலில் ஒரு பாட்டு ஓடும்போதே அடுத்த பாட்டைக் காதில் கேட்டு, தொடங்குகிற இடத்தில் நிறுத்தி வைக்கணும். அந்த நேரத்தில் அறுந்தால் மானம் போகும். எனக்கு – வயர் நீளத்துக்கு, டூ-இன்-ஒன் இருக்கிற அலமாரி அடியிலேயே உட்காரணும்.

வயர் இல்லாதது – வீடு முழுக்க நடக்கலாம். (எந்த வீடு முழுக்க?) செல் தின்னும். சாகுல் மாட்டிக்கொண்டு தொண்ணூறடி ரோட்டில் ஊர்வலம் போவான்.

வயர் உள்ளதே போதும்.

ஜூன் 4. சனி

தோல் மண்டி ஆபீசில் போன். மண்டிக்காரர் நாற்காலியை நகர்த்தவே இல்லை, அவர் போன் என்று காட்டணுமே. முதலில் மாமி. "சாப்ட்டியா வாப்பா? என்ன சாப்ட்ட?" ஷார்ஜா வரை கம்பி இழுத்துக் கேட்கிற கேள்வி. பிறகு சாகுல் பிடித்துக்கொண்டான். செம்பூர் கல்யாண ஆர்டர், புது செட், புது பெட்டி, ஒரே அளப்பு. "பாய், வயர்லெஸ் பாய், வயர்லெஸ்!" ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

என் முறை வந்தது. "வயர் உள்ளதே போதும்," என்றேன். "ஆங்? கேக்கல," என்றார். லைன் அறுந்தது.

மண்டிக்காரர் பல் குத்திக்கொண்டே, "ஒண்ணுந்தான் பேசலியேம்மா நீ," என்றார். இவர் மூஞ்சி முன்னால் என்ன பேச?

ஜூன் 12. ஞாயிறு

மழை கொட்டோ கொட்டு. சந்து முழுக்கக் கணுக்கால் தண்ணீர். ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்த கடையநல்லூர்க்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பார்சல் கொண்டு வந்தார். சோப்பு, தைலம், மாமிக்குத் தஸ்பீஹ் மணிமாலை, ஹெட்போன். வயர் இல்லாதது. வேறென்ன.

ஒரு சின்ன பெட்டி, அதில் ஏரியல். பெட்டியை டூ-இன்-ஒன்னில் செருகணும். அது பாட்டை அனுப்புமாம், ஹெட்போன் பிடிக்குமாம். சாகுல் மாட்டிக்கொண்டு மழையில் வாசல் வரை போய், "மைனி! இங்கனயும் கேக்கு! கமால் ஹை!" என்று ஆடினான். தெருவே வேடிக்கை. மும்தாஜ் லாத்தா வாங்கிக் காதில் வைத்து, "யா அல்லா, தலைக்குள்ள ஆள் நிக்கான்," என்று கழற்றி எறிந்தாள். நல்லவேளை, பாய் மேல் விழுந்தது. கூட வந்த பேப்பர் இங்கிலீஷும் அரபியும். படிக்க யாருக்குத் தெரியும்? சாகுல் அதில் ஸ்க்ரூ மடித்து வைத்தான்.

வரும் ஞாயிறு செம்பூர் கல்யாணம். அதுவரை மத்தியானத்தில் எனக்கு.

ஜூன் 13. திங்கள்

கேட்டேன். முழுசும் கேட்டேன்.

ரெண்டு மணி. மாமி படுக்கவில்லை, மும்தாஜ் லாத்தா வீட்டுக்கு வெத்திலை போடப் போனாள். நிம்மதி. மூணு பாட்டு. பிறகு அவர் குரல். ரெண்டு காதிலும், மூச்சு விடுவது கூடக் கேட்கிறது. பர்ஸ் ஒட்டிக்கொண்டே, மீன் கழுவிக்கொண்டே, டிரம்மில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டேன். கையில் செதில், கன்னத்தில் கண்ணீர். வயர் என்று சொன்னவள் யார்? முட்டாள்.

"ஆயிசா, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வாரேன். கோவண்டில ரூம் பாத்தாச்சு, கடையநல்லூர்க்காரருக்குத் தெரிஞ்ச எடம். கதவு இருக்கு, உள்ள தாப்பா இருக்கு. மொத ரூம், பெறவுதான் சாகுலுக்கு செட்டு. ஓம்மேல சத்தியம். போன தடவ நீ சொவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டு அழுதியே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

இன்னும் சில சொன்னார். இங்கே எழுத மாட்டேன்.

தாப்பா இருக்கிறதாம்! அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறார்!

ஜூன் 15. புதன்

தினமும் ரெண்டு மணி. மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனாலும் கேட்கிறேன்.

மழை. மீன் இல்லை. முட்டை.

தெருப் பெண்களுக்கு என்ன வந்தது? குழாயடியில் என் குடத்தை முன்னால் விட்டார்கள். இத்தனை நாள் இடுப்பால் இடித்தவர்கள். ஒருத்தி தோளைத் தடவி, "சீக்கிரம் நல்லது நடக்கும்ளா," என்றாள். புகையிலை வாய். தள்ளி நின்றேன்.

மும்தாஜ் லாத்தா என் முகத்தைப் பார்த்தால் சிரிக்கிறாள். பார்க்காவிட்டால் இன்னும் சிரிக்கிறாள். வயசானால் சில பேருக்கு இப்படித்தான் நட்டு கழன்றுவிடும்.

மாமி இன்றும் அவள் வீட்டில். வெத்திலை போட இங்கே இடம் இல்லையா? போகட்டும், எனக்கு லாபம்.

ஜூன் 17. வெள்ளி

லாத்தா இன்று: "கோவண்டில தண்ணி நல்லா வருமாம்லா, ஆயிசா?"

தூக்கிவாரிப் போட்டது. "எனக்கென்ன தெரியும்?" என்றேன்.

"சும்மா கேட்டேன்ளா."

சாகுல்தான் உளறியிருப்பான். அவனுக்கு எப்படித் தெரியும்? கடையநல்லூர்க்காரர் சொல்லியிருப்பார். ஆம்பிளைகள் வாயில் ஒரு சொல் நிற்காது. மாமி காதுக்குப் போனால் முடிந்தது கதை. "எம்புள்ளையப் பிரிக்கா" என்று பாயைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். மாமியைக் கவனித்தேன். ஒன்றும் தெரியாத முகம். வெத்திலை, பாக்கு, ஏப்பம்.

செல் தீர்ந்தது. சாகுலிடம் கேட்டால், "ஃபங்ஷனுக்கு வேணும் மைனி, காலி பீலி சும்மா தீக்காத." நான் பர்ஸ் ஒட்டிய காசில் வாங்கினேன்.

ஜூன் 19. ஞாயிறு

செம்பூர் கல்யாணம். நானும் மாமியும் போனோம். பெண் வீடு எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், அதனால்தான் இவனுக்கு ஆர்டரே.

சாகுல் கண்ணாடி பட்டன் வைத்த சட்டை. தலையில் ஹெட்போன், வயர் கிடையாது. மேடைக்கும் சாப்பாட்டுப் பந்திக்கும் நடந்துகொண்டே இருக்கிறான், எல்லோரும் பார்க்கணுமாம். "யாரு அந்தப் பையன், டெலிபோன்காரனா?" என்று பந்தியில் ஒரு கிழவர்.

மாப்பிள்ளை வாசலில். வரவேற்புப் பாட்டு போடணும். இவன் கண்ணை மூடி, ஹெட்போனை அமுக்கி, தலையை ஆட்டி, விரலைத் தூக்கி, பட்டனைத் தள்ளினான். ஹால் முழுக்க வந்தது பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது போடுகிற அழுகைப் பாட்டு. கடைசியில் போட வேண்டியது. மாப்பிள்ளை ஒரு காலைத் தூக்கியபடி நின்றான். பெண்ணோட உம்மா பழக்கத்தில் அழவே தொடங்கிவிட்டாள். மாப்பிள்ளையின் வாப்பா, "எவன்டா அவன்? மய்யத்து வீடாடா இது?" என்று மேடைக்கே ஓடி வந்தார்.

சாகுல், "காதுல சரியான பாட்டுதான் வந்துச்சி, குரான் மேல சத்தியமா," என்று கத்துகிறான். அவன் காதில் வந்தது பம்பாய் ரேடியோ! பெட்டி அனுப்பினதை விட்டுவிட்டு ஹெட்போன் ஸ்டேஷனைப் பிடித்துக்கொண்டது. ஸ்டேஷனில் அதே மாதிரி ஜிங்குஜிங்கு, இவன் தன் கேசட் என்று நினைத்துத் தலையாட்டியிருக்கிறான். எதைக் கேட்கிறோம் என்றே தெரியாத டி.ஜே.!

சிரித்துச் சிரித்து வயிறு வலி. மாமி சிரிக்கவில்லை.

ஜூன் 20. திங்கள்

நேற்றுச் சிரித்ததற்கெல்லாம் இன்று வட்டி.

காலையில் சாகுல் பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு டெஸ்ட் பண்ணினான். ஒரு டப்பாங்குத்து கேசட். டூ-இன்-ஒன் ஸ்பீக்கர் ஆஃப், ஹெட்போன் அவன் தலையில். அறை அமைதி. நான் வெங்காயம் அரிந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம், மும்தாஜ் லாத்தா வீட்டு ரேடியோவில், அதே டப்பாங்குத்து.

இவன் ஸ்டாப் அழுத்தினான். அங்கே நின்றது. அழுத்தினான். அங்கே பாடியது.

ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டவன் விழுந்து விழுந்து சிரித்தான். "மைனி! நம்ம பெட்டி ரேடியோ ஸ்டேஷன் மைனி! லாத்தா வீட்ல ஃபுல் கிளியர்! எஃப்.எம்.ல எவன் திருப்பினாலும் வரும்!"

கத்தி என் கையில். அதைப் போட்டுவிட்டு, அவருடைய கேசட்டை எடுத்து என் துணிக்கு அடியில் செருகினேன்.

ஜூன் 21. செவ்வாய்

குழாய்க்குப் போகவில்லை. தண்ணீர் இல்லை. சோறு ஆக்கவில்லை. தலைவலி என்றேன்.

ரூம். சத்தியம். சுவரைப் பார்த்து நான் அழுதது. எழுத மாட்டேன் என்று இங்கேயே எழுதினேனே, அந்த "இன்னும் சில". எல்லாம். தினமும் ரெண்டு மணிக்கு. லாத்தா வீட்டில் கூட்டம் போட்டு, வெத்திலை போட்டுக்கொண்டு. தெருவிலேயே அந்த ரேடியோ கேட்காத ஒரே ஆள் நான். காதைத்தான் அடைத்து வைத்திருந்தேனே!

த்தூ. இவர்களுக்கு வெட்கம் கிடையாதா? என் புருஷன் எனக்குச் சொன்னதை எப்படி எச்சில் ஒழுகக் கேட்க மனசு வந்தது? முதல் நாளே ஒருத்தி வந்து, "ஏளா, வெளிய கேக்கு, நிப்பாட்டு" என்று சொல்லக் கூடாதா? தோளைத் தடவுகிறார்களாம். குடத்தை முன்னால் விடுகிறார்களாம். கேட்டதற்குச் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள்.

மாமி.

மாமியும் அங்கேதான் இருந்தாள்.

ஜூன் 22. புதன்

  மாமி தட்டில் சோறு வைத்தேன், சாப்பிட்டாள். எப்போது வெடிக்கும் என்று தெரியவில்லை. ரூம் போச்சு. மகனுக்கு ஒரு போன் போட்டு அழுதால் போதும், அவர் உருகிவிடுவார். அவரைத் தெரியாதா எனக்கு? சலாம் சொல்லத் தெரிந்த அளவுக்கு, முடியாது என்று சொல்லத் தெரியாது.

சாகுல் மண்டிக்கு மூணு தடவை போன் போடப் போனான். கேட்டால், "பிசினஸ் மைனி."

ஜூன் 26. ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. புதுக் கேசட் வந்தது, அவசரமாக யாரோ கையில் கொடுத்தனுப்பியது. எல்லோரும் சுற்றி. மும்தாஜ் லாத்தா நிலைப்படியில். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஏ பக்கம். இந்தத் தடவை சலாம் கொஞ்சம்தான்.

"உம்மா, சாகுல் போன்ல ரொம்ப அழுதான். செட்டு பழசுனாலதான் செம்பூர்ல மானம் போச்சிங்கான். தம்பி தொழில் முக்கியம்லா. அதனால மொத அவனுக்குப் புது செட்டு. மத்தது எல்லாம் அடுத்த வருசம் பாப்போம். ஆயிசா புரிஞ்சிக்கிடுவா. எல்லாரும் ஒண்ணா இருக்கதுதான நல்லது, என்ன ஆயிசா?"

என்ன ஆயிசாவா? சத்தியம் பண்ணின வாயா இது? பி பக்கத்தில் ஒருத்தன், ஏ பக்கத்தில் ஒருத்தன். கோழை. சாகுல் என்னைப் பார்க்காமல் சிரிப்பை அடக்குகிறான். வாய் திறந்தால் எதைச் சொல்ல? எனக்குத் தனியாகச் சொன்னார் என்றா? எப்போது, எங்கே என்பான்.

"நிப்பாட்டுல அத," என்றாள் மாமி.

சாகுல் நிறுத்தினான்.

"மொத ரூமு, பெறவு செட்டுன்னு சொன்னாம்லா."

"யாருட்ட சொன்னாரு?" என்றான் சாகுல்.

"அவட்ட. சத்தியம் பண்ணிச் சொன்னான். கதவு இருக்கு, தாப்பா இருக்குன்னான்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டேன். இவ வீட்டு ரேடியோல." லாத்தாவைக் கையால் காட்டினாள். லாத்தா தலைத்துணியை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். ஆனால் போகவில்லை. "ஆமா," என்றாள் துணிக்குள்ளிருந்து. "நாங்க எல்லாருந்தான் கேட்டோம். சத்தியம் பண்ணுனாரு."

சாகுல் என்னவோ இந்தியில் முணுமுணுத்தான். மாமி கேட்கவே இல்லை.

"தெனமும் போய்க் கேட்டேன். எங்கயாவது எம்பேரு வருமான்னு. உம்மா பாவம், தனியா இருப்பாளேன்னு ஒரு வார்த்த. வரவே இல்ல." என்னிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. அரிசி டப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

இந்தக் கிழவியைப் பற்றி இந்த நோட்டில் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன்.

"ரெக்கார்டு போடு," என்றாள். சாகுல் அசையவில்லை. நான் எழுந்து புதுக் கேசட் போட்டு ரெண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினேன். மாமி வாயை மைக்கில் ஒட்ட வைத்துக்கொண்டு, ஷார்ஜா வரை கேட்கிற மாதிரிக் கத்தினாள்:

"வாப்பா, உம்மா பேசுதேன். சத்தியம் பண்ணுன பெறவு மாத்தாத. ரூமப் புடி. அவளக் கூட்டிட்டுப் போ. செட்டு அவன் ஒழச்சு வாங்கட்டும். பெறவு, அடுத்த கேசட்டுல மூணாவது பாட்டுக்கு அப்புறம் அவளுக்குப் பேசு. நாலாவது பாட்டுக்கு அப்புறம் எனக்கும் ரெண்டு வார்த்த பேசு. நான் மும்தாஜ் வீட்டுக்குப் போமாட்டேன். இங்கனயே இருந்து, அவட்ட அந்தக் காதுல மாட்டுதத வாங்கிக் கேட்டுக்கிடுதேன்."